பாலாற்றங்கரைக் கழனியில் குரோமியம்: வேலிக்காத்தான் கரி போட்டால் மண் தேறுமா?

பாலாறு_கழனி | 3 ஆகஸ்ட்

எல்லோருக்கும் வணக்கம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கழனி இருக்கிறது. தாத்தா காலத்தில் இரண்டு போகம் நெல், வரப்பெல்லாம் தென்னை. அப்பா காலத்தில் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. வாய்க்காலில் டேனரித் (தோல் பதனிடும் ஆலை) தண்ணீர் கலந்து வந்த வருடங்கள் அவை. முதலில் தென்னையில் குரும்பை உதிர்ந்தது, அப்புறம் நெல் நாற்று பச்சை பிடிக்காமல் கருகியது. 12 வருடமாகத் தரிசு. இப்போது நிலம் முழுக்க வேலிக்காத்தான் (தெற்கே சீமைக்கருவேலம் என்பீர்கள்).

நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். மண் பரிசோதனை செய்தேன். பி.எச். (அமில, கார அளவு; 7க்கு மேல் காரம்) 8.6, ஈ.சி. (உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன்) 5.1, மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 640 மில்லிகிராம். "அதிகமா இருக்கு" என்பதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை.

பயோசார் (மண்ணில் போடுவதற்கான கரி) போட்டால் குரோமியம் போன்ற கன உலோகம் போய்விடும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். மரம் என் நிலத்திலேயே இருக்கிறது. வெட்டிக் கரியாக்கி அதே மண்ணில் போடலாமா? ஏக்கருக்கு எவ்வளவு? போட்ட பிறகு கீரை, காய்கறி வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கமுதி_மூட்டம் | 3 ஆகஸ்ட்

தம்பி, தாராளமாகப் போடுங்கள். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கரிமூட்டம் போடுகிறவர்கள். விறகுக்கரி விற்றது போக மிஞ்சும் தூளை ஆறு வருடமாக எங்கள் செவலைக் காட்டில் போட்டு வருகிறேன். ஈரம் நிற்கிறது, மண்புழு வந்திருக்கிறது, மிளகாய்ச் செடி வெயிலுக்குத் துவளுவதில்லை. கரி எல்லா விஷத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் வடிகட்டியில் கரிதானே வைக்கிறார்கள்!

மண்ணாய்வு_செல்வி | 4 ஆகஸ்ட்

மூட்டக்கார அண்ணன் சொல்வது நல்ல மண்ணுக்குச் சரி. இந்த மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. நான் மண் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறையாவது வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பயோசார் உலோகத்தை நிலத்தை விட்டு வெளியேற்றாது. இன்று 640 இருந்தால், கரி போட்ட பிறகும் கிட்டத்தட்ட 640தான் இருக்கும். தண்ணீர் வடிகட்டியில் கரி நிறைந்துவிட்டால் கழற்றி எறிகிறோம், மண்ணில் போட்ட கரியை யார் பொறுக்கி எடுப்பது? மண்ணில் அது செய்யக்கூடிய வேலை பூட்டுவது மட்டும். கரியிலுள்ள சாம்பல் பி.எச்.சை ஏற்றுவதால் காட்மியம், ஈயம், துத்தநாகம் போன்றவை கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் படிந்துவிடும். கரியின் மேற்பரப்பில் இருக்கும் அமிலத் தொகுதிகள் மீதியைப் பிடித்துக்கொள்ளும். வேருக்குக் கிடைக்கும் அளவு குறைகிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டைப் பாருங்கள். பி.எச். ஏற்கெனவே 8.6. அமில மண்ணில் கரி செய்கிற அந்த முதல் வேலை இங்கே தேவையே இல்லை, இன்னும் ஏற்றினால் கெடுதல்தான்.

அடுத்தது, குரோமியம் இரண்டு விதம். டேனரியில் தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம் சல்பேட், அதாவது மூன்றாம் நிலைக் குரோமியம். அது மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், சுலபத்தில் நகராது, செடியிலும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். ஆறாம் நிலைக் குரோமியம் வேறு சங்கதி. தண்ணீரில் கரைந்து கிணற்றுக்குப் போகும், புற்றுநோய் உண்டாக்கும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்றாம் நிலையில் ஒரு சிறு பங்கு ஆறாம் நிலையாக மாறவும் வழி இருக்கிறது. மக்கிய எருவும் கரியும் ஆறாம் நிலையை மறுபடி மூன்றாம் நிலையாக்கும். உங்கள் 640 என்பது இரண்டும் சேர்ந்த கணக்கு. அதில் ஆறாம் நிலை எவ்வளவு என்று தெரியாமல் நான் எந்த மருந்தும் சொல்ல மாட்டேன்.

கிணற்றுத் தண்ணீரையும் கொடுங்கள். நம் குடிநீர்த் தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கான எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ரிப்போர்ட் வரும்வரை அந்தத் தண்ணீரை மாட்டுக்குக்கூடக் காட்டாதீர்கள்.

பாலாறு_கழனி | 4 ஆகஸ்ட்

அக்கா, நன்றி. ஆறாம் நிலையைத் தனியாகப் பார்க்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. அதற்கு என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்?

மண்ணாய்வு_செல்வி | 4 ஆகஸ்ட்

"ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், காரக் கரைசல் முறை" என்று கேளுங்கள். மண்ணைச் சோடியம் கார்பனேட், ஹைட்ராக்சைடு கரைசலில் 90 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் சூடாக்கி வடிகட்டுவோம். வடித்த நீரை அமிலமாக்கி, டைபினைல்கார்பசைடு சில சொட்டு விட்டால், ஆறு இருக்கிற அளவுக்குச் செவ்வூதா நிறம் எழும். முதன்முதலாக ஒரு கிணற்று நீரில் அந்த நிறம் வந்ததை நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கத்தரிப்பூ மாதிரி அழகான நிறம். தண்ணீர் கொண்டுவந்த அம்மா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் மூன்று குழந்தைகள்.

கமுதி_மூட்டம் | 5 ஆகஸ்ட்

மேடம், நீங்களே சொல்கிறீர்கள், கரி ஆறை மூன்றாக மாற்றும் என்று. அப்படியானால் கரி போடுவது நல்லதுதானே? ஏன் தம்பியைத் தயங்க வைக்கிறீர்கள்?

மண்ணாய்வு_செல்வி | 5 ஆகஸ்ட்

மாற்றும் அண்ணா. ஆனால் அந்த மாற்றம் அமிலச் சூழலில் வேகமாக நடக்கும், காரத்தில் மிக மெதுவாக. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு மேடு லட்சக்கணக்கான டன் கிடக்கிறதே, அந்த மாதிரிக் கழிவு கடும் காரம். அதற்குப் பக்கத்து நிலத்தில் சாம்பல் கலந்த காரக் கரியைக் கொண்டுபோய்க் கொட்டினால் பணம்தான் வீண். அங்கே குறைந்த சூட்டில், 350, 400 டிகிரியில் வெந்த கரி அல்லது இரும்பு ஏற்றிய கரி கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். கூடவே எருவும் வேண்டும். அதிகச் சூட்டில் வெந்த கரியில் துளைகள் நிறைய இருக்கும், ஆனால் உலோகத்தைப் பிடிக்கும் தொகுதிகள் எரிந்து போயிருக்கும். எல்லாக் கரியும் ஒரே கரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

இன்னொரு பயமும் இருக்கிறது. தம்பி தன் நிலத்து மரத்தையே கரியாக்கப் போகிறார். நான்கு கிலோ மரம் ஒரு கிலோ கரியாகிறது, மரத்தில் இருந்த உலோகத்தில் பெரும்பகுதி கரியிலேயே தங்கிவிடும். அதாவது செறிவு மூன்று நான்கு மடங்கு ஏறும். வேரையும் தூரையும் தொட வேண்டாம். கிளையை மட்டும் எடுத்து ஒரு தடவை கரியாக்கி, அந்தக் கரியையும் சோதனைக்குக் கொடுங்கள்.

கமுதி_மூட்டம் | 5 ஆகஸ்ட்

இது நான் யோசிக்காத விஷயம். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் கண்மாய்க் கரை மரம், அதில் இந்தச் சிக்கல் கிடையாது.

திருவொற்றியூர்_மாடி | 7 ஆகஸ்ட்

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. இப்போது இல்லை. அந்த மண்ணில் ஈயம் இருக்கிறது என்று சோதனையில் வந்துவிட்டது. முருங்கையும் கீரையும் வைத்திருக்கிறேன், பேரன் அங்கேதான் விளையாடுகிறான். எனக்கும் பயோசார் உதவுமா?

மண்ணாய்வு_செல்வி | 7 ஆகஸ்ட்

அம்மா, கீரையை இன்றே நிறுத்துங்கள். பேரனையும் அந்த மண்ணில் விட வேண்டாம். ஈயத்தில் செடி உறிஞ்சுவதைவிடப் பெரிய ஆபத்து தூசிதான். குழந்தை கையை வாயில் வைக்கும், தூசி வீட்டுக்குள் வரும், கீரை இலையில் படியும்.

ஈயத்துக்குக் கரி உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும், அதுவும் எலும்பு அல்லது சாணத்திலிருந்து செய்த கரி. அதில் பாஸ்பேட் அதிகம். பாஸ்பேட்டும் ஈயமும் சேர்ந்து பைரோமார்பைட் என்ற கனிமமாகிவிடும், கரையவே கரையாத மாதிரி. ஆனாலும் ஈயம் அங்கேயேதான் இருக்கும். மண்ணை மூடுங்கள். தென்னை மட்டைத் தூளோ சரளையோ நல்ல கனமாகப் போட்டு, செடிகளுக்கு வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து தொட்டியில் வையுங்கள். முடிந்தால் பேரனுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

திருவொற்றியூர்_மாடி | 7 ஆகஸ்ட்

கீரையைப் பிடுங்கிவிட்டேன். நாளைக்கே மருத்துவரிடம் போகிறோம்.

நெல்லூற்று | 9 ஆகஸ்ட்

அந்த அம்மாவுக்குச் சொன்னதையே வைத்துக்கொண்டு ஆர்சனிக் உள்ள மண்ணிலும் யாரும் எலும்புக் கரி போட்டுவிடாதீர்கள். நான் வங்காளத்தில் வேலை பார்த்த நாட்களில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஆர்சனிக் மண்ணில் ஆர்சனேட்டாக, பாஸ்பேட் மாதிரியே எதிர்மின்சுமையோடு நிற்பது. பாஸ்பேட் வந்தால் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்சனிக்கை வெளியே தள்ளும், பி.எச். ஏறினாலும் தள்ளும். நெல் வயலில் தண்ணீர் கட்டி நின்றால் இரும்பு கரைந்து இன்னும் அதிகமாக விடும். காட்மியத்துக்கு நேர் எதிர் கதை, தண்ணீர் கட்டினால் அது அடங்கும். இந்த இரண்டும் ஒரே வயலில் இருந்தால் விவசாயி என்ன செய்வான் சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தியார் | 10 ஆகஸ்ட்

எல்லாம் சரி, யாராவது கணக்குப் போட்டீர்களா? ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை சுமார் 850 டன். ஒரு சதவீதம் கரி என்றால் எட்டரை டன். ஒன்றரை ஏக்கருக்குப் பதின்மூன்று டன். நாலுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஐம்பது டன்னுக்கு மேல் காய்ந்த விறகு வேண்டும். வெட்டுக்கூலி, மூட்டக்கூலி, உடைக்கிற கூலி, பரப்புகிற கூலி. இந்தத் தம்பி ஏன் இதைச் சுமக்க வேண்டும்?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே எத்தனை பேர் அறிவீர்கள்? மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவனுக்கு இழப்பீடு மட்டும் போதாது, கெட்டுப்போன சூழலை மீட்கும் செலவும் அவனுடையதே என்று தீர்ப்பு. அது நம் பாலாற்றுக்காக வந்த தீர்ப்பு! நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. வழக்குக்குக் காரணமான கழனி மட்டும் அப்படியே கிடக்கிறது.

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை வயல்களைப் பாருங்கள். சுரங்கத்துக் காட்மியம் அரிசியில் ஏறி, எலும்பு நொறுங்கும் இத்தாய்-இத்தாய் நோய் வந்த இடம். 1979இல் தொடங்கி 2012இல் முடித்தார்கள், 33 வருடம். மேல்மண்ணையே மாற்றினார்கள். 4,000 கோடி யென்னுக்கு மேல் செலவு, அரசும் கம்பெனியும் சேர்ந்து கொடுத்தன. விவசாயியிடம் "நீயே கரி போட்டுக்கொள்" என்று சொல்லவில்லை.

பாலாறு_கழனி | 10 ஆகஸ்ட்

ஐயா, படித்ததும் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் அப்பாவும் அந்த நாட்களில் மனு எழுதிக்கொண்டே இருந்தார். இழப்பீடு என்று ஒரு தொகை வந்தது, கிணறு தூர் வாரவே போதவில்லை. இப்போது அவருக்கு 74 வயது. நிலத்தில் ஏதாவது ஒன்று பச்சையாக நிற்பதை அவர் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

மண்ணாய்வு_செல்வி | 10 ஆகஸ்ட்

வாத்தியார் ஐயா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். உரிமைக்குப் போராடுவது ஒரு பக்கம் நடக்கட்டும். மறுபக்கம், நிலம் முழுவதும் வேண்டாம் தம்பி, பத்து பையில் தொடங்குங்கள். பத்துக் கிலோ மண்ணுக்கு நூறு கிராம் கரி என்றால் ஒரு சதவீதம். வெறும் மண், கரி மட்டும், எரு மட்டும், கரியும் எருவும், மூன்று சதவீதக் கரி என்று வகைக்கு இரண்டு பை.

இன்னொன்று, உங்கள் நிலத்தில் இன்றைக்குச் செடியைக் கொல்வது குரோமியம் இல்லை, உப்பு. ஈ.சி. 4ஐத் தாண்டினாலே உவர் நிலம், உங்களுக்கு 5.1. மாற்றுச் சோடியத்தையும் (மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியம்) பார்க்கச் சொல்லுங்கள். அது அதிகமாக இருந்தால் ஜிப்சம் போட்டு, வரப்பு உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்க வேண்டும். அந்தத் தண்ணீர் ஓட வடிகால் வேண்டும். உப்பு இறங்காத மண்ணில் எந்தக் கரியும் பயிர் வளர்க்காது. ஆனால் ஆறாம் நிலை இருந்தால் தண்ணீர் தேக்குவதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள், உப்போடு அதுவும் கிணற்றுக்கு இறங்கிவிடும்.

கமுதி_மூட்டம் | 11 ஆகஸ்ட்

தம்பி, சின்ன அளவுக்கு மூட்டம் வேண்டாம், குழியே போதும். வாய் நாலடி, அடி இரண்டடி, ஆழம் இரண்டரை அடி, சட்டி மாதிரி சரிவாக வெட்டுங்கள். அடியில் சுள்ளி அடுக்கி மேலிருந்து தீ வையுங்கள். கீழிருந்து வைத்தால் புகை ஊரைத் தூக்கும். மேல் சுள்ளியில் வெள்ளைச் சாம்பல் லேசாகப் பூக்கும்போது அடுத்த அடுக்கு. அதற்குள் போட்டால் புகையும், விட்டுவிட்டால் சாம்பலாகும். மேலே எரியும் தீ காற்றைத் தின்றுவிடுவதால் கீழே இருக்கிற கரி எரியாமல் வேகும். குழி நிறைந்ததும் ஓரத்திலிருந்து தண்ணீர் ஊற்றி முழுவதும் அணையுங்கள். உள்ளே கனல் இருந்தால் ராத்திரியில் எல்லாம் சாம்பல்.

நன்றாக வெந்த கரி தட்டினால் கண்ணாடி மாதிரி 'கிணிங்' என்று கேட்கும். கையில் தேய்த்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுங்கள். போய்விட்டால் சரியான கரி. சோப்பு போட்டால்தான் போகிறது என்றால் தார் மிச்சம் இருக்கிறது, மண்ணில் போடாதீர்கள். அப்புறம் ஈரமாகவே இடித்து மிளகு அளவுக்கு ஆக்குங்கள், தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது. மக்கிய எருவோடு கலந்து மூன்று வாரம் ஊறவிட்டுப் போடுங்கள். பச்சைக் கரி மண்ணில் இருக்கிற தழைச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும்.

மண்ணாய்வு_செல்வி | 11 ஆகஸ்ட்

அருமையாகச் சொன்னீர்கள் அண்ணா. ஒன்று சேர்க்கிறேன்: உங்கள் ஊரில் தோல் துண்டு, தோல் தூள் சும்மாவே கிடைக்கும். அதை எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் குழியில் போடாதீர்கள். காற்றுப் பட எரிந்தால் மூன்றாம் நிலைக் குரோமியம் ஆறாகிச் சாம்பலில் உட்காரும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தில் ஊறிய கம்பம், இவையும் கூடாது. கரியைப் போடுவதற்கு முன் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். சாம்பல் போனால் உப்பும் காரமும் குறையும்.

பாலாறு_கழனி | 2 டிசம்பர்

நான்கு மாதம் கழித்து வருகிறேன். பாதிப் பேர் மறந்திருப்பீர்கள்.

முதலில் நல்ல செய்தி. மண்ணில் ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். 640இல் பெரும்பகுதி மூன்றாம் நிலைதான். கிணற்றில் குரோமியம் எல்லைக்குள் இருந்தது, உப்புதான் தாங்கவில்லை. கிளைக் கரியில் குரோமியம் பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனாலும் அக்கா சொன்னபடி வேர்ப்பக்கம் தொடவில்லை.

பை சோதனையில் அரைக்கீரை விதைத்தேன், சாப்பிட அல்ல, பார்க்க மட்டும். மூன்று சதவீதக் கரிப் பையில் முளைப்பே பாதிதான். அந்தக் கரியை நான் ஒரு முறைதான் அலசியிருந்தேன், அவசரப்பட்டுவிட்டேன். கரி மட்டும் போட்ட ஒரு சதவீதப் பைக்கும் வெறும் மண்ணுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எரு மட்டும் போட்டது பரவாயில்லை. எருவும் ஒரு சதவீதக் கரியும் சேர்ந்த இரண்டு பையிலும் செடி ஒரு சாண் உயரம், இலை கரும்பச்சை. அடியில் வடிந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கே எடுத்துப் போனேன். என் கண் எதிரிலேயே மருந்து விட்டார்கள். வெறும் மண்ணின் தண்ணீர் மெல்லிய ரோஜா நிறமாக மாறியது. எருவும் கரியும் போட்டது நிறம் மாறாமல் அப்படியே நின்றது. அக்கா, நீங்கள் எழுதிய அந்தக் கத்தரிப்பூ நிறம் ஞாபகம் வந்து எனக்குக் கை நடுங்கியது.

அப்பாவை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். "மண்ணுக்கு உயிர் இருக்குன்னு அப்பவே சொன்னேன்ல" என்றார்.

மண்ணாய்வு_செல்வி | 3 டிசம்பர்

படித்து மனம் நிறைந்துவிட்டது. ஆனால் நான்கு மாதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கரி நூறு வருடம் மண்ணில் கிடக்கும், அது பிடித்து வைத்திருக்கும் பிடி நூறு வருடம் அப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கரியின் காரம் வருடா வருடம் குறையும், மேற்பரப்பு மாறும், மண்ணில் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும்போது சில உலோகம் திரும்ப நழுவும். வருடத்துக்கு ஒரு முறையாவது ஆறாம் நிலையைப் பாருங்கள், கோடை முடிவில் எடுத்தால் நல்லது. எருவை நிறுத்தாதீர்கள், உங்கள் நிலத்தில் ஆறை அடக்கி வைத்திருப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. நகரக் குப்பை எரு வாங்கினால் அதன் ரிப்போர்ட்டைக் கேளுங்கள், உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் குரோமியம் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கீரையும் கிழங்கும் இந்த மண்ணில் வேண்டாம் என்பதே இன்னும் என் கருத்து. உப்பு தாங்கும் பருத்தி, சவுக்கு இவற்றை யோசியுங்கள். நூறு பேருக்குச் சொல்கிறேன், கேட்கிறவர்கள் குறைவு. நீங்கள் கேட்பீர்கள் என்று தோன்றுகிறது.

ஓய்வு_வாத்தியார் | 3 டிசம்பர்

தம்பி, இந்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். கரிக்கும் எருவுக்கும் கூலிக்கும் ஆன ரசீதுகளையும். மீட்கும் செலவு யாருடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்தக் கணக்கை எழுதிக் காட்ட ஆள் வேண்டும். மனு எழுத நான் உதவுகிறேன். எனக்கு இப்போது நேரத்துக்குக் குறைவில்லை.

பாலாறு_கழனி | 5 டிசம்பர்

கோப்பு போட்டுவிட்டேன் ஐயா. அப்பா எழுதிய பழைய மனுக்களின் நகலும் பரணில் கிடைத்தது, கரையான் ஓரம் தின்றதுபோக எழுத்து தெரிகிறது. அதையும் சேர்த்திருக்கிறேன்.

மேட்டுப் பக்கம் பத்து சென்ட் மட்டும் எடுத்துக்கொண்டேன். வரப்பு கட்டி ஜிப்சம் போட்டாயிற்று, வடகிழக்கு மழையில் மூன்று முறை தண்ணீர் நின்று வடிந்தது. சென்டுக்கு 85 கிலோ கரி, எருவோடு ஊறிக்கொண்டிருக்கிறது. கமுதி அண்ணன் போன வாரம் நேரிலேயே வந்து இரண்டு குழி போட்டுக் காட்டிவிட்டுப் போனார். பருத்தி விதை வாங்கி வைத்திருக்கிறேன், மாசிப் பட்டத்துக்கு. திருவொற்றியூர் அம்மா, பேரனுக்கு ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று?

திருவொற்றியூர்_மாடி | 6 டிசம்பர்

முதல் முறை அதிகமாக இருந்தது. இரண்டாவது முறை இறங்கியிருக்கிறது. மண்ணை மூடிவிட்டோம். மருத்துவர் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.